டோக்கன் இல்லாத ஆணி

அத்தியாயம் 9

"இரும்புத் துண்டுக்குப் போஸ்ட்மார்ட்டம் பண்ற மொத ஆளு நீங்கதான் சார்" என்றாள் வின்னி.

பிரதாப் காவல் நிலையத்தின் பின்பக்கம், நசுங்கிய வேனின் நிழலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கையிலிருந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். பதினேழு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்து வண்டிகளைப் பார்த்தவன், இப்போது தனியாகத் துப்பறிபவன். மனிதர்களைவிட உடைந்த சாமான்களோடு அவனுக்குப் பழக்கம் அதிகம். அவற்றிடம் கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சும்மா இருக்கலாம்.

வின்னி அதற்கு நேர் எதிர். மூன்று வருடமாக அவனிடம் உதவியாளராக இருக்கிறாள். அவன் பேசாமல் விட்ட பேச்சையும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

துண்டு உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது. வேனின் பின் சக்கரத்து ஸ்பிரிங் பட்டையைச் சட்டத்தோடு பிடித்து வைத்திருக்கும் பிராக்கெட். உடம்பு வார்ப்பிரும்பு. பட்டை மாட்டும் காது தேய்ந்துபோனதால், வெல்டர் ஏனோக் அதை அறுத்தெடுத்துவிட்டு, எஃகுத் தகட்டில் புதிய காது வெட்டி ஒட்டியிருந்தார். ஒன்பது நாளைக்கு முன்னால், காலை ஆறேகால் மணிக்கு, பேத்தமங்களா ஏரிக்கரை மேல் அது உடைந்தது. வேன் கரையிலிருந்து இறங்கிப் புரண்டது. தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருந்த பதினோரு பெண்களில் பத்துப் பேர் பிழைத்தார்கள். ஏனோக்கின் பக்கத்து வீட்டுப் பெண் பவ்யா பிழைக்கவில்லை. வயது இருபது.

அன்று சாயங்காலமே ஏனோக் தானாக நிலையத்துக்கு வந்து, தப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தார். ஜாமீனுக்கு ஆள் வந்து நின்றபோது கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். இப்போது சப் ஜெயிலில் இருக்கிறார்.

அவர் மனைவி ஜெசிந்தா பிரதாப்பைத் தேடி வந்து சொன்னது ஒன்றுதான். "முப்பது வருஷத்துல அவரு ஒட்டினது விட்டதே இல்ல சார். விடாத ஒட்டுக்கு அவரு ஏன் தலைய குடுக்கறாரு? அத மட்டும் கண்டுபிடிச்சு சொல்லுங்க."

பிரதாப் துண்டை வின்னியிடம் நீட்டினான்.

"ஒட்டு எங்க இருக்கு?"

அவள் விரலால் தொட்டுக் காட்டினாள். எஃகும் வார்ப்பிரும்பும் சேரும் இடத்தில் வெள்ளி நிறத்தில் ஒரு தழும்பு. அதன் மேல் சின்னச் சின்னச் சுத்தியல் குழிகள்.

"உடைஞ்சது எங்க?"

"ஒரு விரல் தள்ளி, வார்ப்பிரும்புல." அவள் கண்ணைச் சுருக்கினாள். "அப்ப தாலி அறுந்துபோகல சார். மாப்பிள்ளை வீட்டுச் சுவருதான் இடிஞ்சிருக்கு."

அவன் தலையசைத்தான். ஒட்டு நன்றாகவே இருந்தது. எஃகு சூட்டுக்கு வளைந்து கொடுக்கும். வார்ப்பிரும்புக்கு வளையத் தெரியாது. சூடேற்றினால் அது தன் போக்கில் மெதுவாக ஆற வேண்டும். சட்டென்று ஆறினால் ஒட்டின் ஓரமாக உள்ளுக்குள் மயிரிழைபோல விரிசல் விடும். வெளியே தெரியாது. சுமை ஏறும் நாளில் தெரியும். அதனால்தான் ஒட்டி முடித்த கையோடு மண்ணுக்குள் புதைத்துவிடுவார்கள்.

ஏனோக் வீட்டு வாசலில் அதற்கென்றே ஒரு டிரம் உண்டு. அதில் சயனைடு மேட்டிலிருந்து அள்ளி வந்த வெள்ளைப் பொடி. தங்கத்தைப் பிரித்துக்கொண்டு சுரங்கக் கம்பெனி கொட்டிவிட்டுப் போன பொடி, மாவைவிட நைசு, சூட்டை விடாது. ஒரு ஷிஃப்ட், அதாவது எட்டு மணி நேரம், உள்ளே கிடக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. டிரம்முக்கு மேலே சுவரில் ஓர் ஆணி. அவர் சுரங்கத்துப் பட்டறையில் வேலை பார்த்த காலத்துப் பித்தளை டோக்கன் அந்த ஆணியில் தொங்கினால் உள்ளே சாமான் இருக்கிறது, யாரும் தொடக்கூடாது. ஆள் ஷாஃப்டுக்குள் இறங்கினால் மேலே பலகையில் டோக்கன் தொங்குமே, அதே வழக்கம். டிரம் காலியானால் டோக்கன் அவர் சட்டைப் பைக்குத் திரும்பிவிடும்.

ஜெசிந்தா கொடுத்த துப்பும் அந்த ஆணிதான். விபத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அவள் கோயிலில் ஜெபக்கூட்டம் முடிந்து திரும்பியபோது ஏனோக் வீட்டில் இல்லை, வெல்டிங் மிஷினும் இல்லை, ஆணியும் காலி. வேன் சொந்தக்காரர் ரூபேஷின் ஷெட்டுக்கு மிஷினோடு போய்விட்டார், அங்கேயே ஒட்டி அங்கேயே ஆறவைத்திருக்கிறார் என்று புரிந்துகொண்டாள். அப்படியானால் அந்த ராத்திரி ஷெட்டில் யாரோ ஏதோ செய்திருக்க வேண்டும். ஏனோக் யாருக்கோ பயந்து வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

பிரதாப் பிராக்கெட்டைக் கவிழ்த்தான். அடியில் ஒரு குழி. குழியின் மூலையில் வெள்ளையாக என்னவோ அப்பியிருந்தது. நகத்தால் நெம்பினான். காரைபோலச் சில்லாகப் பெயர்ந்து வந்தது. அதைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

நிலைய ரைட்டர் ஏனோக்கிடமிருந்து வாங்கி வைத்த பொருள்களின் பட்டியலைக் காட்டினார். மூக்குக் கண்ணாடி ஒன்று, வெல்டிங் ராடு துண்டு இரண்டு, பித்தளை டோக்கன் ஒன்று, எண் 1147.

"மைன்ஸ் மூடும்போது நான் பால்புட்டி" என்றாள் வின்னி. "இவரு இன்னும் எந்த ஷிஃப்ட்டுக்கு டோக்கன் வெச்சிருக்காரு?"

ரைட்டர் சிரித்தார். பிரதாப் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ரூபேஷின் ஷெட்டில் கிடைத்தது ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததுதான் விஷயம். முழுக்கச் சிமெண்டுத் தரை. மண் என்று பெயருக்கு ஒரு பிடிகூட இல்லை. ஏனோக் ராத்திரி முழுக்க அங்கே மற்ற வேலைகளைப் பார்த்தார், அது உண்மை. பிராக்கெட்டை எங்கே ஆறவைத்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. வண்டியை ஓட்டிய நாகேஷைக் கேளுங்கள் என்றார்கள்.

நாகேஷ் ஆஸ்பத்திரியில் இடது காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தான். பவ்யா எனக்குப் பின் சீட்டில்தான் எப்போதும் உட்காருவாள் என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டான். வண்டி காலையில் போயே ஆகவேண்டும் என்று முந்தின நாள் ஏனோக்குக்கு ஏழெட்டுத் தடவை போன் செய்து விரட்டியதை அவனாகவே சொன்னான். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். வின்னி அவன் மாவுக்கட்டைப் பார்த்து, கையெழுத்துப் போட நல்ல இடம், யாரும் போடலியா என்றாள். அவன் உதடு லேசாக அசைந்தது.

பிராக்கெட் எப்போது கைக்கு வந்தது என்று பிரதாப் கேட்டான்.

"விடியக்காத்தால சார். இருட்டு போவல. சைக்கிள் எடுத்துக்கினு போனாரு. கோணியில சுத்தி எடுத்துக்கினு வந்தாரு. பாத்தா முழங்கை வரைக்கும் வெள்ளை. இன்னாண்ணா, வூட்டுக்குச் சுண்ணாம்பு அடிச்சிட்டு வர்றியான்னு கேட்டேன். பேன்ட்ல தொடச்சாரு. போவல."

"போகல?"

"ஒட்டிக்கினு இருந்துச்சு. மாவு பிசைஞ்ச கை மாதிரி."

பக்கத்துக் கட்டிலில் யாரோ ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பழம் உரித்து முடியும் வரை பிரதாப் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

வெளியே வந்து ஸ்கூட்டரைக் கிளப்பும்போது வின்னி சொன்னாள். "சார், நான் பொறந்ததுல இருந்து அந்தப் பொடியத் தின்னு வளந்தவ. ஊதினா பறக்கும். கையில ஒட்டாது."

"ஒட்டணும்னா?"

"தண்ணி வேணும்." சொல்லிவிட்டு அவள் பிரேக்கைப் பிடித்தாள். "அப்ப பிராக்கெட்டு பொடிக்குள்ளதான் இருந்துச்சு. அந்தப் பொடி அவரு டிரம்ல மட்டும்தான். ஆனா ஜெசிந்தாக்கா ஆணி காலின்னு சொல்றாங்க. பொய் சொல்றாங்களா சார்?"

"இல்ல" என்றான் பிரதாப். அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய ஸ்கெலட்டன் லைன் வீடுகளுக்குள் நுழையும்போதே காற்று ஆரம்பித்துவிட்டது. ஆடிக் காற்று. மேட்டின் முதுகிலிருந்து வெள்ளைப் பொடி கிளம்பி, தெருவைக் கடந்து, ஜன்னல்களுக்குள் போய்க்கொண்டிருந்தது. ஏனோக் வீட்டுக்கும் பவ்யா வீட்டுக்கும் ஒரே சுவர். டிரம் அந்தச் சுவரோரம், பவ்யா வீட்டு ஜன்னலுக்கு நேர் கீழே. மூடி இல்லை. மேலே ஆணி. காலி.

ஜெசிந்தா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பவ்யாவின் அம்மா கிருஷ்ணம்மாவுக்குக் கஞ்சி கொண்டுபோன பாத்திரம். பெண் போனதிலிருந்து அந்தம்மா யார் கொடுத்தாலும் வாங்குவதில்லை, என் கையால் மட்டும் நாலு வாய் குடிக்கிறது என்றாள். ஷெட்டில் என்ன தெரிந்தது என்று கேட்டாள். பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றான் பிரதாப்.

ஒரு பெரிய காற்று வந்தது. டிரம்மின் வாயிலிருந்து பொடி புகைபோல எழுந்து ஜன்னலைப் பார்த்துப் போனது. ஜெசிந்தா பேச்சை நிறுத்தாமலே எழுந்து வாளியில் சொம்பை முக்கினாள். வாசலில் தெளித்தாள். படியில் தெளித்தாள். டிரம்முக்கு அருகே போய், தலையை நிமிர்த்தி ஆணியை ஒருமுறை பார்த்தாள். மிச்சத் தண்ணீரை டிரம்முக்குள் சுற்றி ஊற்றினாள்.

வின்னி பிரதாப்பைத் திரும்பிப் பார்த்தாள்.

"பழக்கமா?" என்றான் பிரதாப்.

"இந்தக் காத்துக்கு வேற இன்னா பண்றது சார். பவ்யாவுக்கு வீசிங். ராத்திரியெல்லாம் இழுக்கும். டோக்கன் இருந்தா தொடமாட்டேன். இல்லன்னா ஊத்திடுவேன்." அவள் சொம்பைக் கவிழ்த்து வைத்தாள். "கடைசி நாள் ராத்திரிகூட ரெண்டு குடம் ஊத்தினேன். காலையில சீக்கிரம் போவணும்க்கா, தூக்கமே வரலன்னு ஜன்னல்ல இருந்து சொன்னா. ஊத்தினப்புறம் நல்லா தூங்கினா. சத்தமே இல்ல."

கிருஷ்ணம்மா வீட்டுக்குள் ஒரு தட்டு கீழே விழுந்தது. ஜெசிந்தா இதோ வருகிறேன் என்று அங்கே ஓடினாள்.

பிரதாப் டிரம்முக்குள் பார்த்தான். பொடி மேல் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

சப் ஜெயிலில் ஏனோக் கம்பிக்கு அந்தப்பக்கம் கைகட்டி நின்றார். ஒல்லியான மனிதர். கண்ணாடி இல்லாததால் எதையும் சற்றுத் தள்ளிப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிரதாப் தன்னை இன்னார் என்று சொல்லிவிட்டு, காகித மடிப்பைப் பிரித்து விளிம்பில் வைத்தான். வெள்ளைச் சில்லு.

ஏனோக் குனிந்து பார்த்தார்.

"எங்க இருந்துச்சு?"

"பிராக்கெட் அடிக்குழியில."

"கழுவிப் பாத்திருக்கணும்" என்றார். "இருட்டுல தெரியல."

பிறகு அவராகவே கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அன்று வீட்டு வாசலிலேயே ஒட்டி, சூட்டோடு டிரம்மில் புதைத்தார். அந்த நேரத்தில் நாகேஷின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு கையில் போன், ஒரு கையில் மிஷின். டோக்கன் பையிலேயே நின்றுபோயிற்று. அது ஷெட்டில்கூட ஞாபகம் வரவில்லை. மறுநாள் ஏரிக்கரையில் கிடந்த எல்லாவற்றையும் பார்த்துவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்தபோதுதான் டிரம்மைப் பார்த்தார். மேல்பொடி காய்ந்து, வறண்ட ஏரிபோல வெடித்திருந்தது. ராத்திரி உள்ளே தண்ணீர் இறங்கி, சூடான வார்ப்பிரும்பு சட்டென்று ஆறியிருக்கிறது.

"விடியக்காத்தால எடுக்கும்போதே கை ஈரமாச்சு சார். பனின்னு நெனைச்சேன்." அவர் சிரிக்கப் பார்த்தார். "ஆடி மாசத்துல பனி."

பிரதாப் தனக்குத் தெரிந்த சட்டத்தைச் சொன்னான். நடந்ததை அப்படியே சொன்னால் இவர் மேல் இருக்கும் வழக்கு இளகும். ஜெசிந்தா மேல் வழக்கே வராது, தெரியாமல் செய்தது.

"கேசுக்குப் பயந்தா நான் இங்க உக்காந்துனு கீறேன்?"

ஏனோக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்தப் பொண்ணு தூங்கணும்னு ஊத்தினா சார். அந்தப் பொண்ணே போயிட்டா. இது தெரிஞ்சா அப்புறம் அவ கஞ்சி எடுத்துக்கினு கிருஷ்ணம்மா வூட்டு வாசப்படி ஏறுவாளா? அந்தம்மாவுக்கு இவள வுட்டா யாரு? ரெண்டு பேரும் பட்டினியா பூடுவாங்க." அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "ஜாமீன்ல போனா அவ என்னைக் கேப்பா. அவகிட்ட எனக்குப் பொய் வராது. அதான் இங்கயே இருக்கேன். நீங்க சொல்லிடுங்க சார்."

"என்னன்னு?"

"ஒட்டு வுட்டுப்போச்சுன்னு. என் ஒட்டு."

பதினேழு வருடத்தில் எத்தனையோ பேர் பிரதாப்பிடம் பொய் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எல்லோரும் தங்கள் பாரத்தை இறக்கி வைக்கத்தான் சொன்னார்கள். இந்த மனிதர் ஏற்றி வைக்கச் சொல்கிறார். சரி என்றும் சொல்ல முடியவில்லை, முடியாது என்றும் சொல்ல முடியவில்லை. நேரம் முடிந்தது என்று காவலர் வந்து சொன்னபோது, பிரதாப் சில்லைத் திரும்ப மடித்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தான். ஏனோக் அந்தப் பையையே பார்த்தபடி உள்ளே போனார்.

ஸ்கெலட்டன் திருப்பத்தில், வேறு ஏதாவது வழி இருக்குமா சார் என்று வின்னி கேட்டாள். ஷெட்டில் நடந்தது என்று சொன்னால் ரூபேஷ் மாட்டுவார். தண்ணீர் பட்டது என்று சொன்னால் யார் ஊற்றினார்கள் என்ற கேள்வி வரும். எந்தப் பொய்யைச் சொன்னாலும் யாராவது ஒருவர் தலையில்தான் விழும். தலையைத் தானாக நீட்டிக்கொண்டு நிற்பவர் ஒருவர்தான். பிரதாப் இதை நினைத்து முடிப்பதற்குள் ஏனோக் வீடு வந்துவிட்டது.

ஜெசிந்தா வாசலிலேயே நின்றிருந்தாள். அவரைப் பார்த்தீர்களா, சாப்பிட்டாரா, கண்ணாடியைக் கொடுத்தார்களா என்று கேட்டாள். பிறகு, "சொல்லுங்க சார். ஷெட்ல இன்னா நடந்துச்சு?"

"ஷெட்ல ஒண்ணும் நடக்கல. ஒட்டுதான் விட்டிருக்கு."

அவள் புரியாதவள்போலப் பார்த்தாள்.

"துண்ட பாத்தீங்களா நீங்க?"

"பார்த்தேன்."

"ஒட்டுலயா விட்டிருந்துச்சு?"

"ஆமா."

அவள் வின்னியைப் பார்த்தாள். வின்னி ஸ்கூட்டரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். "ஆமாக்கா" என்றாள்.

"நிக்கல் ராடு போட்டு, ஒவ்வொரு அங்குலத்துக்கும் சுத்தியால தட்டித் தட்டி ஒட்டுவாரு. பக்கத்துல நின்னு பாத்தவ நான். அது விடாது." அவள் குரல் உயரவில்லை. "ரூபேஷ் உங்களையும் காசால கவனிச்சுட்டானா சார்?"

பிரதாப் பேசாமல் நின்றான். இத்தனை வருடம் அவன் மௌனம் எதிராளியைப் பேசவைக்கும் கருவியாக இருந்தது. இன்று அது அவள் சொன்னதற்கு ஒப்புதல் போலக் கிடந்தது. அப்படியே கிடக்கட்டும் என்று விட்டான்.

"போங்க" என்றாள். "பெங்களூர்ல இருந்து நல்ல ஆளா கூட்டிக்கினு வர்றேன். அந்த ராத்திரி தண்ணி குடிச்சவன் மொதக்கொண்டு கேட்டு எடுப்பாங்க."

அவள் கூட்டி வருவாள். வருகிறவன் கெட்டிக்காரனாக இருந்தால் அதே டிரம்முக்கு அருகில்தான் வந்து நிற்பான். அதைத் தடுக்க பிரதாப்பிடம் ஒன்றுமில்லை. பையில் இருந்த ஒரு சில்லைத் தவிர.

தெருமுனையில் ஸ்கூட்டரை நிறுத்தச் சொன்னான். காகிதத்தைப் பிரித்து, சில்லை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நசுக்கினான். பொடியானது. கையை விரித்தான். ஆடிக் காற்று அதை வாங்கிக்கொண்டு, எல்லாப் பொடியோடும் சேர்த்து, லைன் வீடுகள் பக்கம் கொண்டுபோயிற்று. வின்னி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கிருந்து ஏனோக் வீட்டு வாசல் தெரிந்தது. ஜெசிந்தா வாளியோடு வெளியே வந்தாள். படியில் தெளித்தாள். ஆளில்லாத ஜன்னலுக்குக் கீழே போய் நின்றாள். ஊற்றுவதற்கு முன் தலையை நிமிர்த்தி ஆணியைப் பார்த்தாள்.

காலியாகத்தான் இருந்தது. ஊற்றினாள்.